கிரீஸ் கை பதில்கள்

இந்த மாதம்: பழைய காரும் வீட்டுப் பட்டறையும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி
கே: அப்பா வாங்கிய 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு பன்னிரண்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. இன்ஜின் இறுகிவிட்டது. நாலு பையன்களை விட்டுத் தள்ளியும் நகரவில்லை. இன்ஜினை இறக்கிவிடட்டுமா?

ப: இன்ஜின்தான் குற்றவாளி என்று எந்தச் சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதினீர்கள் ஐயா? தள்ளும்போது கியர் நியூட்ரலில் இருந்ததா? நியூட்ரலிலும் வண்டி அசையவில்லை என்றால் இன்ஜினுக்கு அதில் சம்பந்தமே இல்லை. பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியிருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடி விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டுங்கள், பிடி விட்டுவிடும்.

அதற்குப் பிறகும் கியரில் போட்டால் அசையவில்லை என்றால்தான் இன்ஜின் பக்கம் போக வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் கைகோத்திருக்கும், அவ்வளவுதான். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். மொத்த வேலையிலும் கஷ்டமானது இதுதான். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். முடி அளவு நகர்ந்தாலும் வெற்றி. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் இரண்டு நாள்.

அவசரப்பட்டு டிராக்டரில் கட்டி இழுத்தால் ரிங் உடையும், உடைந்த ரிங் சிலிண்டரைக் கீறும். பையன்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கல்லூரி மாணவர், சிவகாசி
கே: வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்க எந்தப் பழைய கார் வசதி?

ப: ஸ்பேர் கிடைக்க வேண்டும் என்றால் அம்பாசிடர். 2014 வரை உத்தர்பாராவில் உருட்டித் தள்ளியிருக்கிறார்கள். பிரிமியர் பத்மினியும் பரவாயில்லை. ஆனால் முதுகுவலி இல்லாமல் வேலை பார்க்க ஹெரால்டுக்கு நிகர் இல்லை. அதன் பேனட், மட்கார்டு, முகப்பு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைப் பிரிக்கலாம்.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் சண்டை உண்டு. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959-இல் அங்கே வந்தது, 1961 முதல் நம் பெருங்களத்தூரில் செய்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த சங்கடம் இன்றைக்கு நமக்குச் சவுகரியம்.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் மார்க் 3-க்கு நான்கு. இன்ஜின், பிரேக் சாமான்களை அங்கிருந்து தபாலில் வரவழைக்கலாம். பின்கதவுக்கு லண்டனைக் கேட்டால் “எந்தப் பின்கதவு?” என்பார்கள்.

லேத் பக்கம் போகாதவர், திண்டுக்கல்
கே: இன்ஜின் வேலையில் வீட்டில் எதுவரை செய்யலாம்? எங்கே கையைத் தூக்கிவிட வேண்டும்?

ப: அளவெடுப்பது, பிரிப்பது, சுத்தம் செய்வது, வால்வு உட்காரவைப்பது, பூட்டுவது எல்லாம் வீட்டில். உலோகத்தைக் கடைந்து குறைப்பதெல்லாம் லேத்தில்.

பிரிப்பதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி உண்டு. கம்ப்ரெஷன் கேஜை பிளக் ஓட்டையில் வைத்து இன்ஜினைச் சுற்றி, நான்கு சிலிண்டருக்கும் அளவு குறித்துக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இந்த ஒரு ஸ்பூன் எண்ணெய் பலருடைய பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றியிருக்கிறது.

வால்வுதான் என்றால் கொண்டாடுங்கள், அது வீட்டு வேலை. ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு நம்பர் எழுதி, எந்த வால்வு எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த ஓட்டையில் செருகுங்கள். இடம் மாறினால் செய்த வேலை எல்லாம் வீண். வால்வின் சாய்ந்த விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் மூன்று பொட்டு. ரப்பர் குமிழ் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மோர் கடைவதுபோல உருட்டுங்கள். நாலைந்து உருட்டலுக்கு ஒரு முறை வால்வைத் தூக்கி, கால் திருப்பு திருப்பி உட்காரவையுங்கள். முதலில் கரகரவென்று கத்தும். சத்தம் மிருதுவாகி அடங்கும்போது துடைத்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் பளபளப்பில்லாத சாம்பல் வளையம் எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும். அறுபட்டிருந்தால் மீண்டும் கடையுங்கள். முடிந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வால்வுக்குக் கீழே கசிவு இல்லை என்றால் நீங்கள் ஃபிட்டர்.

பேஸ்டை மட்டும் ஒரு துகள் விடாமல் கழுவுங்கள். இரும்பைத் தேய்ப்பதுதான் அதன் தொழில். உள்ளே போனால் பேரிங்கையும் அதே சிரத்தையோடு தேய்க்கும்.

போர் என்றால், சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபோல் தட்டினால் லேத்துக்குத்தான் போக வேண்டும். முதல் ஓவர்சைஸ் பெரும்பாலும் 20 தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பிஸ்டனை முதலில் கையில் வாங்கிவிட்டு, அதன் அளவுக்குப் போர் பண்ணச் சொல்லுங்கள். போரைப் பண்ணிவிட்டு பிஸ்டன் தேடி அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு இல்லத்தரசி, தேவகோட்டை
கே: வாரத்துக்கு அரைக் கிலோ புளி காணாமல் போகிறது. கேட்டால் “கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணினேன்” என்கிறார். இது உண்மையான காரணமா, சாக்கா?

ப: உண்மைதான் அம்மா, ஆனால் தடுத்தே ஆக வேண்டும். புளிக்காகச் சொல்லவில்லை, கார்புரேட்டருக்காகச் சொல்கிறேன். புளியின் அமிலம் பித்தளைக்கு நல்லது. ரேடியேட்டர் மூடி, விளக்கு வளையம் எல்லாம் பளபளக்கும். பெரும்பாலான கார்புரேட்டர்களின் உடம்பு பித்தளை அல்ல, துத்தநாகக் கலவை. அமிலத்தில் ஊறினால் அழுக்கோடு உடம்பும் கரைய ஆரம்பிக்கும். பெட்ரோலில் கழுவி, பிரஷ் போட்டு, சைக்கிள் பம்ப் காற்றை ஓட்டைகளில் அடித்தால் போதும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ஓட்டை பெரிதானாலும் பெட்ரோல் செலவு கண்ணுக்குத் தெரியும். அந்தச் செலவில் இன்னும் எவ்வளவோ புளி வாங்கலாம்.

ஹெரால்டுக்காரர், பல்லாவரம்
கே: முன்சக்கரத்துக்கு மாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறேன். ஆனாலும் ஸ்டீயரிங் கனமாகவே இருக்கிறதே?

ப: கிரீஸ் அடிப்பதால்தான். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தூணின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் குடுவைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை குடுவைக்குள் சுழல்கிறது. அந்த இடத்துக்குக் கம்பெனி சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் ஏறாது, வாசலிலேயே உட்கார்ந்துவிடும். அடியில் தண்ணீர் தேங்கும், தூணின் மரை துருப்பிடித்து மெலியும், ஒரு நாள் வளைவில் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கிறது என்பது வண்டி உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்.

இரண்டு ட்ரனியனையும் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கரைத்தெடுங்கள். மரைப் பகுதியில் துருக்குழி இருந்தால் தூணை மாற்றுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் பூட்ட முடியாது. பூட்டியபின் கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே சீல் வழியாகக் கசியும் வரை அடியுங்கள். கன்னும் ஒழுகும், சட்டையும் நனையும். பழைய சட்டையோடு உட்காருங்கள்.

பெயர் வேண்டாம், ஓசூர்
கே: ஜாக்கி ஸ்டாண்டுக்குப் பதில் இரண்டு ஹாலோ பிளாக் வைத்துக் காருக்கு அடியில் படுக்கலாமா?

ப: நாமினி பெயரை எழுதிவைத்துவிட்டுப் படுங்கள். ஹாலோ பிளாக் வெடித்து நொறுங்கும்போது முன்னறிவிப்பு தராது. ஜாக்கியை மட்டும் நம்புவதும் அதே வகை. இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, அடுத்த பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. இரண்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு மேலே இருக்கும் வேலையைப் பாருங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்
கே: பிரேக் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டேன். பத்து நாளில் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

ப: பூட்டும்போது வழுக்க எதைத் தடவினீர்கள்? இன்ஜின் ஆயில் என்றால் விஷயம் முடிந்தது. பிரேக் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறிப் பருத்துவிடும். பருத்த ரப்பர் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டால் ஷூ திரும்பி வராது. கழுவுவதற்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கூடாது. ஸ்பிரிட்டில் கழுவி, பிரேக் ஆயிலையே தடவிப் பூட்டுங்கள். இப்போது ரப்பரை மட்டும் மாற்றினால் போதாது. லைன் முழுக்கக் கழுவி, மாஸ்டர் சிலிண்டரையும் திறக்க வேண்டும்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

வெல்டிங் கற்றுக்கொண்டிருப்பவர், ஈரோடு
கே: பெட்ரோல் டேங்க்கில் ஒரு சிறு ஓட்டை. டேங்க் காலிதான். நானே வெல்டு வைக்கட்டுமா?

ப: காலி டேங்க்தான் வெடிக்கும். நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, காலி டேங்க்கில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து தயாராக இருக்கின்றன. டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். கற்றுக்கொள்ள வேறு இரும்பு நிறைய இருக்கிறது.

சர்க்கரை ஆலைப் பணியாளர், மோகனூர்
கே: துருவை எடுக்க உப்புத்தாள் தேய்த்துத் தோள்பட்டை போய்விட்டது. பாத்ரூம் ஆசிட் ஊற்றலாம் என்கிறார் நண்பர்.

ப: நண்பரின் கார் இரும்புக்கடைக்குப் போயிருக்க வேண்டுமே? அந்த ஆசிட் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜனை ஏற்றி, வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மையைக் கொடுக்கும். அதன் புகை பட்ட பக்கத்து ஸ்பானரெல்லாம் மறுநாள் சிவப்பாகிவிடும்.

மின்சாரத்தை வேலை வாங்குங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நாலைந்து லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவ்வைத் துருப்பிடித்த சாமானுக்கும், பாசிடிவ்வை வேண்டாத இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து, இரண்டும் தொடாமல் தொங்கவிடுங்கள். சாமான் மேல் குமிழ் குமிழாக வரும். இரவு முழுக்க விட்டால் சிவப்புத் துரு கறுப்புத் தூளாகி, கம்பி பிரஷ்ஷில் உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு ஒரு தௌகூடக் குறையாது. வயரை மாற்றிக் கொடுத்தால் மட்டும் கரைவது உங்கள் சாமான். தகடு எவர்சில்வராக இருக்கக்கூடாது, நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியச் சாமானை இதில் போடாதீர்கள். வருகிற குமிழ் ஹைட்ரஜன் என்பதால் திறந்த இடத்தில் வையுங்கள், பீடியைத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் இருக்கிற ஆலையில் கிடைக்கும் மொலாசஸும் துருவை எடுக்கும். ஒரு பங்கு மொலாசஸ், ஒன்பது பங்கு தண்ணீர், இரண்டு மூன்று வாரம். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும்.

புது மெக்கானிக், கரூர்
கே: 1/2 ஸ்பானர் என்று எழுதியிருக்கிறது. ஒன்று பொருந்துகிறது, இன்னொன்று லொடலொடவென்று ஆடுகிறது. எனக்கு மரை கழன்றுவிட்டதா?

ப: உங்களுக்கு இல்லை, பிரிட்டிஷாருக்கு. பழைய விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது போல்ட் தண்டின் விட்டம். ஏ.எஃப். ஸ்பானரில் எழுதியிருப்பது நட்டின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரையான அகலம். அதனால் விட்வொர்த் 1/2-இன் வாய் மிகப் பெரியது. 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அந்தப் பொது மரையில் வந்த ஹெரால்டுக்குப் பெரும்பாலும் ஏ.எஃப். செட் போதும். பத்மினி இத்தாலி வம்சம், மில்லிமீட்டர். 1948 ஒப்பந்தத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி என்றால் விட்வொர்த் செட் தேடுங்கள், சென்னை புதுப்பேட்டையில் எடைக்குக் கிடைக்கும். ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பானரைவிட மோசமான எதிரி நட்டுக்குக் கிடையாது.

வாடகை வண்டி ஓட்டியவர், வேலூர்
கே: மத்தியான வெயிலில் ஹெரால்டு நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. பேயா?

ப: பேய்க்கு வேலூர் வெயில் தாங்காது. சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று, இன்ஜின் பிளாக்கில் பூட்டிய ஏ.சி. பெட்ரோல் பம்ப். பெயரில்தான் ஏ.சி.! சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, சூடானால் படுத்துக்கொள்ளும் இக்னிஷன் காயில் அல்லது கன்டென்சர். வண்டி நின்றவுடன் ஒரு பிளக்கைக் கழற்றி, அதே வயரை மாட்டி, இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிளக் ஓட்டைக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளியே வையுங்கள். பொறி நீலமாக வந்தால் பம்ப் மேல் ஈரத்துணியைப் போடுங்கள். பொறி இல்லை என்றால் துணியைக் காயில் மேல் போட்டு வீடு சேர்ந்து, மறுநாள் மாற்றுங்கள்.

பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கன்டென்சர் மேல்தான் என் பந்தயம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ. பழைய டிரைவர்கள் அவசரத்துக்கு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார்கள். வீட்டில் ஃபீலர் கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கவலைக்காரர், தஞ்சாவூர்
கே: எத்தனால் கலந்த பெட்ரோல், ஈயம் இல்லாத பெட்ரோல் இரண்டும் பழைய காருக்கு விஷம் என்கிறார்களே?

ப: ஈயத்துக்காக அழ வேண்டாம். 2000-ஆம் ஆண்டிலேயே அது போய்விட்டது. எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கைக்கு மெத்தைபோல இருந்த ஈயம் இல்லாததால் நாளடைவில் இருக்கை உள்ளே இறங்கும். நீண்ட தூரம் வேகமாக ஓட்டுகிறவருக்குத்தான் அது சீக்கிரம் வரும். வேறு வேலைக்கு ஹெட்டைக் கழற்றும்போது கடின எஃகு வளையம் போடச் சொல்லுங்கள், இதற்காகவே கழற்ற வேண்டாம்.

20 சதவீத எத்தனால்தான் நிஜமான கவலை. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது மென்மையாக்கிக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். குழாய் கசிகிறதா என்று மூக்காலும் பாருங்கள், கண்ணைவிட அது சீக்கிரம் சொல்லும்.

சந்தேகப் பிராணி, திருநெல்வேலி
கே: ஸ்டாண்டர்டு 2000 காரின் இன்ஜின் டிராக்டர் இன்ஜினாமே?

ப: நெருங்கிய சொந்தம். 1985-இல் ரோவர் உடம்போடு வந்த அந்த வண்டிக்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் குடும்பத்து இன்ஜின். அதே குடும்பத்தில்தான் ஃபெர்கூசன் டிராக்டருக்கும் பெண் எடுத்திருந்தார்கள். வீட்டில் பிரிக்க அருமையான இன்ஜின் அது. சிலிண்டர் லைனரைத் தனியே உருவிப் புதிதாகப் போடலாம், போர் பண்ணும் பேச்சே இல்லை.

குறுக்குவழிக்காரர், சேலம்
கே: என் 1970 அம்பாசிடரில் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டு, வின்டேஜ் பதிவும் வாங்கிவிடலாமா?

ப: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டி வின்டேஜ். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் மெட்ராஸ் நம்பர்காரர்கள் மீசையை முறுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பில் போய் 1970 மாடலை வின்டேஜ் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கணக்கு 1930-ஓடு முடிந்துவிடும்.

எல்லாம் பூட்டியவர், நாகர்கோவில்
கே: கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டிவிட்டேன். இரண்டு வாஷரும் ஒரு சின்ன ஸ்டீல் குண்டும் மிச்சம்.

ப: வாஷரை மன்னித்துவிடலாம், குண்டை முடியாது. கியர் விழுந்த இடத்தில் நிற்பதற்கு ஸ்பிரிங்கோடு சேர்ந்து அழுத்துவது அந்தக் குண்டு. அது வெளியே இருந்தால் அதன் ஸ்பிரிங் எங்கே? மறுபடி பிரியுங்கள். இந்த முறை பெரிய ட்ரேக்குள் வைத்துப் பிரியுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள்.

அம்பாசிடர் அடிமை, விழுப்புரம்
கே: ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தேன். திருப்பி அடித்து வலது கட்டைவிரல் உடைந்து, கட்டோடு எழுதுகிறேன். எங்கே தவறு?

ப: கட்டைவிரலில். ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், திருப்பி அடித்தால் கம்பி கையை விட்டுத் தானாக நழுவிவிடும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக்கூடாது. அடித்தது ஏன் என்றால், டைமிங் முன்னதாக இருக்கிறது, பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே பொறி விழுகிறது. விரல் ஆறுவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்து வையுங்கள். கட்டோடு எழுதியும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. யாரிடம் சொல்லி எழுதவைத்தீர்கள்?